கிறீச்சிடும் தரையும் பனி கட்டிய ஜன்னலும்

ஆல்ப்ஸ் மலையிலுள்ள பழைய ஓட்டல்களைப் பற்றி விருந்தினர்கள் எழுதும் குறைகளைத் தொடர்ந்து படித்தால், பத்துப் பன்னிரண்டு வாக்கியங்கள்தான் திரும்பத் திரும்ப வருவது தெரியும். தரை கிறீச்சிடுகிறது. லிஃப்டில் மூன்று பேர் நின்றாலே நெருக்கடி. குளியலறை வாசலில் ஒரு படி இருக்கிறது, ராத்திரி இடறுகிறது. ஜன்னலில் பனி கட்டியிருக்கிறது. வெந்நீர் வர நேரமாகிறது. பக்கத்து அறைக்காரர் இருமினால் கேட்கிறது. இதற்கா இவ்வளவு வாடகை? அதற்கு அடியிலேயே பழைய ஓட்டல்களை நேசிக்கும் ஒருவர் பதில் போட்டிருப்பார்: நூறு வருடக் கட்டடம் என்றால் அப்படித்தான் இருக்கும், பிடிக்காவிட்டால் புது ஓட்டலுக்குப் போங்கள்.

இந்த இரண்டு பேச்சும் எனக்கு ஒப்புதலாக இல்லை. முதல் ஆள் எல்லாக் குறையையும் ஒரே தராசில் போடுகிறார். இரண்டாம் ஆள் எல்லாவற்றையும் மன்னித்துவிடுகிறார். கிறீச்சிடும் தரையும் பனி கட்டிய ஜன்னலும் ஒரே ரகக் குறைகள் கிடையாது. முதலாவது கட்டடத்தின் வயதால் வருவது, மற்றது யாரும் கவனிக்காததால் வருவது. வயதுக்காகத்தான் அங்கே பணம் கொடுத்துப் போகிறோம். கவனிப்பின்மைக்கு ஒரு ஃப்ராங்க் கூடத் தர வேண்டியதில்லை. எது எந்த ரகம் என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் அறையைக் கேட்டு வாங்குவதும், வந்த பிறகு ரிசப்ஷனில் போய்ப் பேசுவதும் எளிதாகிவிடும்.

கையில் ஒரு ஊரை வைத்துக்கொண்டு பேசலாம். சுவிட்சர்லாந்தின் கிராபுண்டன் மாநிலத்தில், மேல் எங்காடின் பள்ளத்தாக்கில், சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் சில்ஸ் மரியா இருக்கிறது. ஊருக்கு மேலே மரங்கள் அடர்ந்த குன்றின் மீது கோட்டை போல நிற்பது வால்ட்ஹவுஸ் ஓட்டல். யோசெஃப் கீகர், அமாலி கீகர் தம்பதி 1908இல் திறந்தது. வரைந்தவர் கட்டடக் கலைஞர் கார்ல் கொல்லர். ஏறக்குறைய 140 அறைகள். இன்றுவரை அதே குடும்பத்தின் கையில், ஐந்தாம் தலைமுறையாக நடக்கிறது. எழுத்தாளர் ஹெர்மன் ஹெஸ்ஸேயும் தத்துவவாதி தியோடோர் அடோர்னோவும் வருடா வருடம் வந்து வாரக்கணக்கில் தங்கியது இங்கேதான். கூடத்தில் இன்றும் மூவர் இசைக்குழு வாசிக்கிறது. தாள்சுருளில் துளையிட்டுப் பதிவு செய்த இசையைத் தானே வாசிக்கும் பழைய வெல்டே-மிஞ்ஞோன் பியானோ ஒன்றும் உண்டு. பனிச்சறுக்குக்கு ஊரிலேயே ஃபுர்ச்செல்லாஸ் கேபிள் கார் இருக்கிறது. அதிலிருந்து சறுக்குப் பாதைகள் கோர்வாட்ச் வரை தொடர்கின்றன. கோர்வாட்சின் உச்சி நிலையம் 3,303 மீட்டர். கீழே நான் சொல்லப்போகும் குறைகள் இந்த ஓட்டலின் குறைகள் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்த வயதில், இந்த உயரத்தில் இருக்கும் எல்லாக் கட்டடங்களுக்கும் பொதுவானவை அவை.

கோடைக்குக் கட்டி, குளிருக்கு மாறியது

இந்தப் பள்ளத்தாக்கில் எல்லோரும் சொல்லும் கதை 1864இன் பந்தயம். செயிண்ட் மோரிட்ஸில் குல்ம் ஓட்டலை நடத்திய யோஹானஸ் பாட்ருட், கோடை முடிந்து கிளம்பிய நான்கு ஆங்கிலேய விருந்தினர்களிடம், குளிர்காலத்தில் வந்து பாருங்கள், பிடிக்காவிட்டால் பயணச் செலவு என்னுடையது என்றாராம். அவர்கள் கிறிஸ்துமஸுக்கு வந்து ஈஸ்டர் வரை இருந்தார்களாம். குளிர்காலச் சுற்றுலா பிறந்த கதையாக இது சொல்லப்படுகிறது. அதற்குள் ஒளிந்திருக்கும் கட்டட வேலையைத்தான் யாரும் சொல்வதில்லை.

அதுவரை இந்த ஓட்டல்கள் ஜூன் முதல் செப்டம்பர் வரைக்கான வீடுகள். மெல்லிய உட்சுவர், காற்றோட்டத்துக்கு உயரமான கூரை, அகலமான தாழ்வாரம், பெரிய ஜன்னல். கோடையில் இவையெல்லாம் சுகம். வெளியே பூஜ்ஜியத்துக்குக் கீழே 15, 20 டிகிரி போகும்போது இதே அமைப்பைச் சூடாக வைத்திருப்பது வேறு கணக்கு. கொதிகலன் வேண்டும், மாடி மாடியாக ரேடியேட்டர் குழாய் ஓட வேண்டும், ஜன்னலுக்கு இன்னொரு ஜன்னல் வேண்டும், தண்ணீர்க் குழாய் வெளிச்சுவரை விட்டு உள்ளே தள்ளி வர வேண்டும். இந்த மாற்றங்கள் ஒரே நாளில் நடக்கவில்லை. பனிச்சறுக்கு கூட வெகு காலம் கழித்துத்தான் வந்தது. முதல் குளிர்கால விருந்தினர்கள் வந்தது வெயிலுக்கும் உலர்ந்த காற்றுக்கும் ஸ்லெட்ஜுக்கும் ஐஸ் ஸ்கேட்டிங்குக்கும். நின்றபடியே மேலே இழுத்துப் போகும் முதல் ஜே-பார் லிஃப்ட் 1934 டிசம்பரில் தாவோஸில் ஓடத் தொடங்கியது. ஆக ஒரு பழைய ஓட்டலின் சுவருக்குள் கோடை வீடு ஒன்றும், அதன் மேல் தவணை தவணையாகப் போர்த்திய குளிர்கால வீடு ஒன்றும் இருக்கின்றன. குறைகள் பெரும்பாலும் இரண்டும் ஒட்டும் இடத்தில்தான் தோன்றுகின்றன.

தரை, படி, ஜன்னல், வெந்நீர்

தரையில் தொடங்கலாம். இந்தக் காலத்துக் கட்டடங்களில் பெரும்பாலும் மர உத்தரங்கள் மேல் பலகை, பலகை மேல் பார்க்கே மரத்தரை. உத்தரங்களுக்கு இடையே சத்தம் குறைய நிலக்கரிக் கசடையோ மணலையோ கட்டடச் சில்லையோ கொட்டி நிரப்பியிருப்பார்கள். பேச்சுச் சத்தத்தை அது ஓரளவு அடக்கும். காலடி உதையை அடக்காது. கிறீச்சொலி வருவது பலகை ஆணியோடு உரசுவதால். வெளிக்காற்று உறைகுளிரில் ஈரப்பதமே இல்லாமல் இருக்கும். அதை 21 டிகிரிக்குச் சூடாக்கினால் அறையின் ஈரப்பதம் 25 விழுக்காட்டுக்கும் கீழே இறங்குவது சாதாரணம். மரம் சுருங்குகிறது, ஆணியைச் சுற்றி இடைவெளி விழுகிறது. ஜூலையில் பேசாமல் கிடக்கும் அதே பலகை பிப்ரவரியில் சத்தம் போடும். இது வயது. கழற்றி எடுத்துத் திருகாணி போட்டால் நிற்கும்தான், ஆனால் பழைய பார்க்கேயை உடைக்காமல் கழற்றுவது எல்லா இடத்திலும் நடக்காது. காலடிச் சத்தம் தூக்கத்தைக் கெடுக்கும் ஆள் என்றால் மேலே யாரும் இல்லாத மாடியைக் கேளுங்கள். ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: உச்சி மாடி பெரும்பாலும் ஒரு காலத்தில் விருந்தினர்கள் உடன் அழைத்து வந்த பணிப்பெண்களும் வண்டிக்காரர்களும் தங்கிய இடம். அறை சிறியது, கூரை சரிவு, ஜன்னல் தாழ்வு. அமைதி கிடைக்கும், விசாலம் கிடைக்காது.

குளியலறைப் படிக்கும் காரணம் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அறைக்கு ஒரு குளியலறை என்பது அரிது. தாழ்வாரத்துக்குப் பொதுவாகத்தான் இருந்தது. பிறகு அறையின் ஒரு மூலையையோ இரண்டு அறைகளுக்கு நடுவிலிருந்த அலமாரி இடத்தையோ வெட்டி எடுத்துக் குளியலறை செய்தார்கள். கழிவறைக் குழாய் 10 செ.மீ.க்கு மேல் விட்டம் கொண்டது, மீட்டருக்கு ஒன்றிரண்டு செ.மீ. சரிவாகவும் ஓட வேண்டும். அதற்காக மர உத்தரத்தை வெட்ட முடியாது, வெட்டினால் தரை பலமிழக்கும். ஆகவே குழாயைத் தரைக்கு மேலே ஓடவிட்டு, குளியலறைத் தரையையே 12, 15 செ.மீ. உயர்த்தினார்கள். அந்தப் படி வயதின் அடையாளம். முழங்கால் வலி உள்ளவர்கள், பெரியவர்கள் உடன் வந்தால் முன்பதிவின்போதே 'படியில்லாத குளியலறை' என்று கேளுங்கள். பிற்பாடு முழுதாகப் புதுப்பித்த அறைகளில் அது இருக்க வாய்ப்புண்டு. ஆனால் அதே குளியலறையில் சாக்கடை வாடை வந்தால் அதை வயது என்று ஏற்க வேண்டாம். தரைத் துவாரத்துக்கு அடியில் வளைந்த குழாயில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நின்று வாடையை அடைக்க வேண்டும். அறை வாரக்கணக்கில் காலியாகக் கிடந்தால் அது வற்றிவிடும். ஒரு குவளை தண்ணீர் ஊற்றினால் அரை மணியில் சரியாகும். அறையைத் தயார் செய்பவர் செய்திருக்க வேண்டிய வேலை அது.

ஜன்னல்தான் இருப்பதிலேயே தெளிவாகப் பேசும் பொருள். இந்த ஓட்டல்களில் உள்ளே ஒரு சட்டம், வெளியே ஒரு சட்டம், நடுவில் ஒரு சாண் இடைவெளி என்று இரட்டை ஜன்னல் இருக்கும். நல்ல நிலையில் இருந்தால் நவீனக் கண்ணாடிக்கு வெகு தூரம் பின்தங்காது. காலையில் எழுந்ததும் பனி எங்கே கட்டியிருக்கிறது என்று பாருங்கள். இரண்டு கண்ணாடிக்கும் நடுவில், வெளிக்கண்ணாடியின் உட்பக்கம் பனிப்பூ பூத்திருந்தால், உள் சட்டத்தின் இடுக்கு வழியாக அறையின் ஈரக்காற்று நடுவில் நுழைந்து அங்கே உறைகிறது என்று பொருள். உள் சட்டத்தைச் சுற்றி ஓடும் அடைப்புப் பட்டை தேய்ந்துவிட்டது. அதை மாற்றுவது ஒரு தச்சருக்கு ஒரு ஜன்னலுக்கு ஒரு மணி நேர வேலை. பருவம் முழுக்க அப்படியே விட்டிருந்தால் அது கவனிப்பின்மை. அறைப்பக்கக் கண்ணாடியில் நீர் முத்துக் கோத்திருந்தால் காரணம் பெரும்பாலும் நாம்தான்: நனைந்த ஸ்கீ உடையை அறைக்குள் காயப் போட்டிருப்போம், சூடாகக் குளித்துவிட்டுக் குளியலறைக் கதவைத் திறந்து வைத்திருப்போம். ஜன்னலை லேசாகத் திறந்து ராத்திரி முழுக்க வைப்பது தவறு. சுவர் குளிர்ந்து போகுமே தவிர ஈரம் போகாது. காலையில் ஐந்து நிமிடம் முழுதாகத் திறந்துவிட்டு மூடுங்கள், அந்த நேரம் ரேடியேட்டர் திருகை அடைத்து வையுங்கள். எண் போட்ட திருகு என்றால் 3 என்பது ஏறக்குறைய 20 டிகிரி. 5இல் வைத்தால் சீக்கிரம் சூடாகும் என்று நினைப்பார்கள். ஆகாது, சூடு அளவுக்கு மேல் போகும், அவ்வளவுதான்.

வெந்நீரைச் சோதிக்க நல்ல நேரம் மாலை ஐந்து மணி. நான்கு மணிக்குப் பனிச்சறுக்கு லிஃப்டுகள் நிற்கும், ஒரு மணி நேரத்துக்குள் ஓட்டல் முழுக்கக் குளிக்கும். அந்த நேரத்திலும் சூடு குறையாமல் வந்தால் கொதிகலன் அறைக்கு யாரோ ஒழுங்காகச் செலவழித்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளலாம். முதலில் குளிர்ந்து வந்து முப்பது, நாற்பது வினாடியில் சூடானால் அது குழாயின் நீளம், பொறுத்துக்கொள்ளலாம். இரண்டு நிமிடம் ஆனாலோ, சூடும் குளிருமாக மாறி மாறி வந்தாலோ ரிசப்ஷனில் சொல்லுங்கள். சுழற்சிப் பம்போ கலப்பு வால்வோ பழுதாகியிருக்கும். பருவம் தொடங்கும் முதல் வாரத்தில் போகிறவர்கள், அறைக்குள் நுழைந்ததும் ஷவரைச் சூடான பக்கம் வைத்துச் சில நிமிடம் ஓடவிட்டு, குளியலறையை விட்டு வெளியே வந்துவிடுவது நல்லது. வாரக்கணக்கில் தேங்கிய குழாய் நீரில், நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லா கிருமி வளரும். நல்ல ஓட்டலில் அவர்களே எல்லாக் குழாயையும் திறந்துவிட்டுத்தான் விருந்தினரை ஏற்பார்கள். இருந்தாலும் இதில் நமக்கு நஷ்டம் ஒன்றுமில்லை.

கதவு மூடிக் கிடக்கும் வாரங்கள்

வயதா, கவனிப்பின்மையா என்பது தீர்மானமாகும் இடம் விருந்தினர் கண்ணில் படுவதே இல்லை. ஏப்ரல் நடுவில் குளிர்காலம் முடிந்ததும் இந்த ஓட்டல்கள் மூடிவிடும். ஜூனில் திறக்கும். அக்டோபர் கடைசியில் மறுபடி மூடி, டிசம்பர் நடுவில்தான் குளிர்காலத்துக்குத் திறக்கும். முன்பதிவுப் பக்கத்தில் 'இடமில்லை' என்று மட்டும் தெரியும் அந்த வாரங்களில்தான் ஓட்டல் உண்மையில் செய்யப்படுகிறது. தச்சரும் குழாய்க்காரரும் பெயின்டரும் மெத்தை தைப்பவரும் உள்ளே வருவார்கள். திரைச்சீலை துவைக்கப் போகும். ஏழெட்டு அறைகளை மட்டும் எடுத்துக்கொண்டு சுவர் வரை உரித்துக் குழாய், மின்கம்பி, தரை எல்லாவற்றையும் மாற்றுவார்கள். அடுத்த இடைப்பருவத்தில் இன்னும் சில.

குடும்பம் நடத்துவது என்பதன் பொருள் என்னைப் பொறுத்தவரை இங்கே இருக்கிறது. வாசலில் உரிமையாளர் கை குலுக்குவது இனிமையான வழக்கம், ஆனால் அது இரண்டாம் பட்சம். நிறுவனம் ஒரு பழைய ஓட்டலை வாங்கினால் இரண்டு வருடம் மூடி, எல்லா அறையையும் ஒரே சாயலில் செய்து திறக்கும். குடும்பத்துக்கு இரண்டு வருடம் வருமானமில்லாமல் இருக்க வசதியிருக்காது. அதனால் வருடத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்கிறார்கள். 140 அறைகளை இப்படிச் சுற்றி முடிக்கப் பல வருடங்கள் ஆகும், கடைசி அறை முடியும்போது முதல் அறை பழையதாகியிருக்கும். வால்ட்ஹவுஸ் பாசல் நகரத்துக் கட்டடக் கலைஞர்கள் மில்லர், மராண்டா இருவரோடு தொண்ணூறுகளிலிருந்து இப்படித்தான் பகுதி பகுதியாக வேலை செய்து வந்திருக்கிறது. 2016இல் திறந்த ஸ்பாவும் அவர்கள் வரைந்ததே. ஒரே ஓட்டலுக்குள் ஒரே விலைக்கு இருபது விதமான அறைகள் இருப்பதன் காரணம் இந்தச் சுற்று வேலைதான். ஒருவர் சொர்க்கம் என்கிறார், அடுத்தவர் பழசு என்கிறார். இரண்டு பேரும் தாங்கள் பார்த்த அறையைப் பற்றி உண்மையைத்தான் எழுதியிருக்கிறார்கள்.

இது தானாக நடந்துவிடுவதும் இல்லை. தலைமுறை மாறும்போது ஓட்டலை ஏற்கும் பிள்ளை மற்ற உடன்பிறப்புகளின் சட்டப்படியான பங்கைக் கொடுத்தாக வேண்டும். 2023 ஜனவரி வரை சுவிஸ் சட்டத்தில் பிள்ளைகளுக்குக் கட்டாயமாகச் சேர வேண்டியது வாரிசுப் பங்கில் நான்கில் மூன்று. அதன்பின் பாதியாகக் குறைத்தார்கள். கட்டடத்தின் மதிப்பு கோடிகளில், கையில் ரொக்கம் குறைவு. இன்னொரு பக்கம் அடுக்குமாடி வீடாக விற்கும் ஆசை. 2012இல் நடந்த மக்கள் வாக்கெடுப்பு, விடுமுறைக்கு மட்டும் வந்து தங்கும் இரண்டாம் வீடுகளை ஊருக்கு 20 விழுக்காடு என்று கட்டுப்படுத்தியது. ஆனால் 25 வருடம் ஓடி, இனி இலாபமாக நடத்த முடியாது என்று நிரூபித்த ஓட்டல், தன் பரப்பில் பாதி வரை அப்படி மாற்றச் சட்டத்தில் வழி இருக்கிறது. இவற்றைத் தாண்டி ஐந்து தலைமுறை ஓட்டலாகவே வைத்திருப்பது பெரிய உறுதி. அந்த உறுதிக்குத்தான் நான் பழைய தரையின் சத்தத்தைப் பொறுக்கத் தயாராக இருக்கிறேன். உறுதி இருக்கும் வீட்டில் ஜன்னல் பட்டை தேயாமல் இருக்கும் என்றும் எதிர்பார்க்கிறேன்.

அறையைக் கேட்டு வாங்குவது

ஆகவே இணையத்தில் பட்டனை அழுத்தி 'டபுள் ரூம்' வாங்கி முடித்துவிடாதீர்கள். ஓட்டலுக்கே மின்னஞ்சல் எழுதுங்கள். முன்பதிவுத் தளத்தைவிடக் குறைந்த விலையைத் தங்கள் சொந்தப் பக்கத்தில் போட ஓட்டல்களைத் தடுத்த ஒப்பந்த விதிகள் சுவிட்சர்லாந்தில் 2022 டிசம்பரிலிருந்து செல்லாது, அதனால் நேரடியாகக் கேட்பது விலைக்கும் நல்லது. கேட்க வேண்டியவை: அந்த அறை கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது, எந்தத் திசை பார்க்கிறது, அடியில் சமையலறையோ இசைக்கூடமோ இருக்கிறதா, குளியலறையில் படி உண்டா, கட்டில் ஒரே மெத்தையா இரட்டை மெத்தையா. குடும்ப ஓட்டலில் இந்தக் கேள்விகளுக்கு அறை எண்ணோடு பதில் வரும். 'எல்லா அறைகளும் அழகானவை' என்று பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள்.

காலத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பிப்ரவரிப் பள்ளி விடுமுறை வாரங்கள் எல்லாம் விலை உச்சியில் இருக்கும், ஏழு இரவுக்குக் குறைந்து தரமாட்டார்கள். ஜனவரி இரண்டாம் வாரத்திலிருந்து மாத இறுதி வரை குளிர் கடுமை, கூட்டமும் விலையும் குறைவு. மார்ச்சில் வெயிலும் நீண்ட பகலும் உண்டு. மார்ச் இரண்டாம் ஞாயிறு மட்டும் கவனம்: மலோயாவிலிருந்து உறைந்த ஏரிகள் மேல் ஓடும் 42 கி.மீ. எங்காடின் ஸ்கீ மாரத்தான் அன்று நடக்கும், பள்ளத்தாக்கு முழுக்க நிரம்பியிருக்கும். ஊர் வரியை ஆளுக்கு, இரவுக்கு இவ்வளவு என்று அறை விலைக்கு வெளியே தனியாகச் சேர்ப்பார்கள். சேவைக் கட்டணம் 1974 முதல் விலைக்குள்ளேயே அடக்கம். ஆனாலும் வாரக் கடைசியில் அறையைப் பார்த்துக்கொண்டவருக்கும் மேசையைப் பார்த்துக்கொண்டவருக்கும் ஏதாவது கொடுப்பது வழக்கம்.

போகும் வழி சூரிக்கிலிருந்து கூர் நகரம் வரை பெரிய ரயில், அங்கிருந்து செயிண்ட் மோரிட்ஸுக்கு இரண்டு மணி நேரம் ஆல்புலா பாதையின் சிறிய சிவப்பு ரயில், பிறகு இருபது நிமிடம் மஞ்சள் தபால் பஸ். காரில் வந்தால் 2,284 மீட்டர் யூலியர் கணவாய். குளிர்காலத்திலும் பொதுவாகத் திறந்திருக்கும், ஆனால் பெரும்பனி நாளில் டயர்ச் சங்கிலி இல்லாமல் ஏறாதீர்கள். இன்னொரு சிறு விஷயம்: சுவிஸ் மின்சாக்கெட் அறுகோண வடிவக் குழியில் மூன்று துளை. நம் ஊர் தடித்த பிளக்கும் போகாது, ஜெர்மனியின் உருண்டைப் பிளக்கும் போகாது. பழைய அறையில் கட்டிலுக்கு அருகே ஒரு சாக்கெட்தான் இருக்கும்.

ஒரே மேசை

சாப்பாடு ஹாஃப் போர்டு, அதாவது காலை உணவும் இரவு விருந்தும் அறை விலைக்குள். முதல் நாள் மாலை ஒரு மேசை தருவார்கள். வாரம் முழுக்க அதே மேசை, அதே பரிமாறுபவர். புதிதாகப் போகிறவர்களுக்கு இது கட்டுப்பாடாகத் தோன்றும். இரண்டாம் நாளே உங்களுக்கு எலுமிச்சை வேண்டும், பனிக்கட்டி வேண்டாம் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். மேசை பிடிக்கவில்லையென்றால், கதவருகே குளிர்கிறதென்றால், முதல் இரவே சொல்லுங்கள். மூன்றாம் நாள் சொன்னால் மற்ற மேசைகள் பழகிப் போயிருக்கும், மாற்றுவது அவர்களுக்குச் சங்கடம். இரவு வெளியே சாப்பிடப் போவதாக இருந்தால் காலை உணவின்போதே தெரிவியுங்கள், சமையலறை தலைக்கணக்கில்தான் வாங்குகிறது.

சைவம் சாப்பிடுகிறவர்கள் 'வெஜிடேரியன்' என்ற ஒரு சொல்லோடு நிறுத்தாதீர்கள். இந்த மாநிலத்தின் பார்லி சூப்பில் உலர்த்திய மாட்டிறைச்சியோ பன்றியோ துண்டு துண்டாக இருக்கும். கீரை இலையில் சுற்றிய காப்புன்ஸ் பார்க்கச் சைவம் போல இருந்தாலும் உள்ளே மாவோடு உலர் சாசேஜ் கலந்திருக்கும். காய்கறி சூப்புக்குக் கூட எலும்பு வேகவைத்த தண்ணீர் அடிப்படையாக இருக்கலாம். இறைச்சி, மீன், எலும்புச் சாறு, ஜெலட்டின் வேண்டாம் என்று எழுத்தில், வருவதற்கு இரண்டு நாள் முன்பே அனுப்புங்கள். ஐந்து வகை உணவு வரிசையாக வரும் இரவில் கடைசி நிமிடம் சொன்னால் கிடைப்பது வேகவைத்த காய்கறித் தட்டுதான். சுவிஸ் சமையலறைகளில் தமிழ் கேட்பதும் அதிசயமில்லை. எண்பதுகளிலிருந்து ஈழத்திலிருந்து வந்த நம்மவர்கள் பலர் இந்நாட்டு உணவகங்களிலும் ஓட்டல்களிலும் பாத்திரம் கழுவுவதில் தொடங்கிச் சமையல் பொறுப்பு வரை உயர்ந்திருக்கிறார்கள். எங்காடினில் இத்தாலியரும் போர்த்துகீசியரும் அதிகம். எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து தினமும் கணவாய் வழியே வேலைக்கு வந்து திரும்புகிறவர்களும் உண்டு.

ஸ்கீயும் பூட்ஸும் அறைக்குப் போகாது, அதற்குத் தனி அறை இருக்கிறது. ஸ்கீயின் எஃகு விளிம்பு பார்க்கேயை ஒரே இழுப்பில் கீறிவிடும். மாலையில் திரும்பியதும் விளிம்பைத் துணியால் துடைத்துவிட்டுத் தொங்கவிடுங்கள், இல்லையென்றால் காலையில் துரு பிடித்திருக்கும். பூட்ஸின் உள்ளுறையை முழுதாக இழுத்துவிட்டு, இளஞ்சூட்டுக் காற்று வரும் உலர்த்திக் குழாயில் மாட்டுங்கள். வெளி ஓட்டின் பக்கிள்களை லேசாகப் போட்டு வைத்தால் வடிவம் கெடாது. ரேடியேட்டர் மேல் வைத்தால் உள்ளுறையின் நுரை இறுகிவிடும், மறுநாள் கணுக்காலில் கொப்புளம். முதல் நாள் நேராக 3,303 மீட்டருக்கு ஏறாதீர்கள். ஃபுர்ச்செல்லாஸில் தாழ்ந்த பாதைகளில் அரை நாள் போதும். அந்தச் சரிவு நிழல் பக்கம், பனி உலர்ந்து நன்றாக இருக்கும், காலையில் விரல் விறைக்கும். இந்த உயரத்தில் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும், தேயிலையைக் கூடுதலாக இரண்டு நிமிடம் ஊறவிட வேண்டும்.

சனிக்கிழமை கணக்கு முடிக்கும்போது வரிசையில் உங்களுக்கு முன்னால் நிற்கும் முதியவர்களைக் கவனித்துப் பாருங்கள். பில்லைக் கட்டிவிட்டு உடனே கிளம்பமாட்டார்கள். அடுத்த வருடத்துக்கு அதே வாரம், அதே அறை எண் என்று சொல்லிவிட்டுத்தான் போவார்கள். ரிசப்ஷனில் இருப்பவர் அதைக் குறித்துக்கொள்வார். சில அறைகள் இப்படியே பத்து, இருபது வருடம் ஒரே குடும்பத்தின் கையில் இருக்கும், இணையத்தில் வரவே வராது. உங்கள் அறை பிடித்திருந்தால் அந்த நேரத்தில் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். ஜன்னல் பட்டை தேய்ந்திருந்ததென்றால் அதையும் அப்போதே, எந்த ஜன்னல், எந்தப் பக்கம் என்று சொல்லுங்கள். ஏப்ரலில் தச்சர் வரும்போது எடுத்துப் பார்க்கும் பட்டியலில் அது ஏறிவிடும்.